முள் எடுத்த புகார்

சென்னையில் ஓர் அரசு அலுவலகத்தில் பதினேழு வருடம் கடிதம் எழுதியவன் நான். வரதராஜன் எழுதினால் அதில் முள் இருக்காது என்று மேலதிகாரிகளே சொல்வார்கள். கட்டாத பாலத்தைக் கட்டியதாக ஒரு ஒப்பந்தக்காரர் சொன்னால், "பாலப் பணியில் சற்றுத் தொய்வு காணப்படுவதைத் தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவுடன் கொண்டுவருகிறேன்" என்று எழுதுவேன். யாருக்கும் கோபம் வராது. பாலமும் வராது. ஆனால் கோப்பு அடுத்த மேஜைக்கு நகரும், அலுவலகத்துக்கு அதுதான் முக்கியம்.

இந்தத் திறமைக்கு ஆஸ்திரேலியாவின் விசாப் பட்டியலில் இடம் இல்லை. என் மனைவி கிரிஜா படித்த நுண்ணுயிரியலுக்கு இருந்தது. அவளுடைய விண்ணப்பத்தில், அவளைச் சார்ந்திருப்பவர் என்ற கட்டத்தில் உட்கார்ந்துகொண்டுதான் நான் சிட்னிக்கு வந்து சேர்ந்தேன். அவள் ஓர் உணவுச் சோதனைக்கூடத்தில் விஞ்ஞானி ஆனாள். நான் ஒரு கிடங்கில் மதிய ஷிப்டில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டினேன்.

ஆனால் நாங்கள் குடியிருந்த நார்த்மீட் பகுதித் தமிழர்களிடம் கேட்டால் என் மதிப்பே வேறு. சனிக்கிழமை மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் அர்ச்சனை முடித்து வருகிறவர்கள், ஒரு காலில் செருப்பை மாட்டியபடியே போனை என் முன்னால் நீட்டுவார்கள். "சார், மேனேஜருக்கு ஒரு மெயில் போடணும். கொஞ்சம் பாத்துக் குடுங்க." பதவி உயர்வு கிடைக்காதவர், விடுப்பு கிடைக்காதவர், பக்கத்து வீட்டு மரம் தன் கூரையில் விழுந்தவர் எல்லாருக்கும் முள் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். என் கடிதங்கள் நன்றியில் தொடங்கி நன்றியில் முடியும். பலன் கிடைத்ததாக யாரும் திரும்பி வந்து சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

கிரிஜாவும் கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னிடம் காட்டாமல் ஒரு கடிதம்கூட அனுப்பியதில்லை. அதில் எனக்குத் தனிப் பெருமை.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை, அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு மெயில் அனுப்பினாள். அவளுடைய மேலாளர் கிரெக்குக்கு எழுதிய கடிதம். இரண்டு பக்கம். மேலே, "அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துடுங்க" என்று இருந்தது. திறந்ததுமே எனக்கு வேர்த்தது. வாக்கியத்துக்கு வாக்கியம் முள். மேலதிகாரிக்கு எழுதுகிற முறையா இது என்று அவள்மேல் கோபமும் வந்தது.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. அடிக்கிற வரியை அழித்துவிட மாட்டேன். சிவப்புக் கோடு போட்டு, ஓரத்தில் காரணம் எழுதுவேன். கோப்பில் காரணம் இல்லாமல் எதையும் அடிக்கக் கூடாது என்பது என் பழைய கண்காணிப்பாளர் போட்ட விதி. கணினியிலும் அதற்கு வசதி இருந்தது. இரண்டு பக்கத்தையும் அரை மணி நேரத்தில் எட்டு வரி ஆக்கினேன். கிரெக்கின் மேலான வழிகாட்டுதலுக்கு நன்றி சொல்லி, வாடிக்கையாளர் கூட்டங்களில் பங்கேற்க எதிர்காலத்தில் வாய்ப்பு அமையுமாயின் அதைப் பாக்கியமாகக் கருதுவதாகத் தெரிவித்து, மீண்டும் நன்றி சொல்லி முடித்தேன். சிவப்புக் கோடுகளோடு ஒரு பிரதி, கோடில்லாமல் சுத்தமாக ஒரு பிரதி, இரண்டையும் அவளுக்கு அனுப்பிவிட்டுச் சோறு வடிக்கப் போனேன். நான் பார்த்துவிட்டேன் என்ற நம்பிக்கையில் அவள் சுத்தப் பிரதியைப் படிக்காமலே கிரெக்குக்கு அனுப்பிவிட்டாள்.

அன்று பிற்பகல் கிரெக் அவளை ஒரு அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திப் பேசினார். இரண்டு வாரத்தில் அவளுடைய வேலைத்திறனைக் கண்காணிக்கும் திட்டம் ஒன்று வந்தது. ஒன்பது வருடம் ஒழுங்காக வேலை செய்தவளுக்கு, சோதனைக் குழாயை எப்படிப் பிடிப்பது என்பதற்குப் பயிற்சி. மூன்று மாதத்தில் நிறுவனத்தைச் சீரமைக்கிறோம் என்றார்கள். சீரமைத்துப் பார்த்ததில் கிரிஜாவின் பதவி மட்டும் தேவையில்லை என்று தெரிந்ததாம். அடுத்த வாரமே அதே வேலைக்கு வேறு பெயர் வைத்து விளம்பரம் கொடுத்தார்கள்.

வீட்டில் அவள் அழவில்லை. "எனக்கு வேற வேலை கிடைக்கும். ஆனா நான் சரியில்லைன்னு எழுதி அனுப்பியிருக்காங்க. புகார் சொன்னதுக்காகத்தான் தூக்கினோம்னு அவங்க வாயாலயோ நீதிபதி வாயாலயோ வரணும்," என்றாள். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

வழக்கறிஞர் டிலக்சி மன்னாரில் பிறந்து, சிறு வயதிலேயே இங்கு வந்து வளர்ந்த பெண். முப்பது வயது இருக்கும். பரமட்டாவில் அவளுடைய அலுவலகத்தில் எங்களை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தாள்.

"அன்ரி, சட்டம் எங்கட பக்கம்தான் நிக்குது," என்றாள் கிரிஜாவிடம். "நீங்கள் முறைப்பாடு செய்தனீங்கள். அதுக்குப் பிறகு உங்களை வேலையால நிப்பாட்டினவை. இந்த ரெண்டையும் நாங்கள் காட்டினால் போதும். அதுக்காக நிப்பாட்டேல்லை எண்டு அவையள்தான் நிரூபிக்கோணும். சரி, அந்த முறைப்பாட்டைக் காட்டுங்கோ."

புகாரைத்தான் முறைப்பாடு என்றாள். கிரிஜா போனைக் கொடுத்தாள். டிலக்சி படித்தாள். கீழே தள்ளிப் பார்த்தாள். மறுபடி மேலே வந்தாள்.

"இது நன்றிக் கடிதம் எல்லோ. முறைப்பாடு எங்க?"

நான் முன்னால் சாய்ந்து ஆறாவது வரியைக் காட்டினேன். "வாய்ப்பு அமையுமாயின்னு இருக்கு பாரும்மா. இதுவரைக்கும் அமையலைன்னு அர்த்தம். படிக்கத் தெரிஞ்சவங்களுக்குப் புரியும்."

"நீதிபதிக்கு விளங்காது, அங்கிள்."

கிரிஜா போனை வாங்கிப் படித்தாள். தன் பெயரில் போன கடிதத்தை அவள் முதல்முறையாக அப்போதுதான் முழுதாகப் படித்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் டிலக்சியைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அன்னிக்கு மத்தியானம் கிரெக் என்னைக் கூப்பிட்டப்ப, இவர் இப்படி மாத்தினது தெரியாம, நான் எழுதினதைப் படிச்சிட்டுத்தான் கூப்பிடுறார்னு நினைச்சேன். அதனால எல்லாத்தையும் வாயாலயும் சொன்னேன், ஒரு வரி விடாம. அவர் திருதிருன்னு முழிச்சார். ஏன் முழிச்சார்னு இப்பத்தான் புரியுது."

டிலக்சி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வாயால சொன்னாலும் முறைப்பாடுதான் அன்ரி. ஆனா அறைக்குள்ள சாட்சி இல்லை. நன்றி சொன்னவ எண்டு அவர் இந்த மெயிலைத் தூக்கிக் காட்டுவார். நீங்கள் முதல் எழுதின டிராஃப்ட் கிடைச்சால் நல்லம். அந்தச் சொல்லெல்லாம் அண்டைக்குக் காலமையே எழுதியிருந்தால், பிறகு சோடிச்ச கதை இல்லை எண்டு காட்டலாம்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அங்கிள், அது உங்களிட்ட இருக்கோ?"

"தேடிப் பாக்கணும்," என்றேன்.

தேட ஒன்றுமே இல்லை. கணினியின் முகப்பிலேயே, கிரிஜா கடிதம் திருத்தியது என்ற பெயரில் இருந்தது. அன்று வீட்டுக்கு வந்து திறந்தேன். வாடிக்கையாளர் கூட்டங்களுக்கு என்னை மட்டும் அழைப்பதில்லை, உன் உச்சரிப்பை யார் உட்கார்ந்து கேட்பது என்றீர்கள் என்று அவள் எழுதியிருந்ததற்குப் பக்கத்தில் நான், "கடுமை. நீக்கவும்." நான் இந்தியப் பெண் என்பதால் இது நடக்கிறது என்பதற்குப் பக்கத்தில், "ஆதாரம்? நீக்கவும்." இது என் புகார், தயவுசெய்து பதிவு செய்யுங்கள் என்பதற்குப் பக்கத்தில், "தேவையற்ற வாக்கியம்." அதற்கு மேல் படிக்க முடியாமல் மூடிவிட்டேன்.

இரண்டு வாரம் தேடிக்கொண்டே இருந்தேன். பழைய கணினி, கடவுச்சொல் மறந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்த தாமதக் காரணங்களை எல்லாம் சொன்னேன். தாமதம் செய்வதிலும் எனக்குப் பதினேழு வருட அனுபவம் இருக்கிறது.

சனிக்கிழமை கோயிலில் நாகராஜன் பிடித்துக்கொண்டார். கணினித் துறையில் பெரிய நிறுவனம் ஒன்றில் பன்னிரண்டு வருடமாக இருப்பவர்.

"கேஸெல்லாம் எதுக்கு சார்? இந்த ஊர்ல அந்த மாதிரி எதுவும் கிடையாது. எனக்கு ஒரு தடவைகூட நடந்தது இல்லையே," என்றார்.

பன்னிரண்டு வருடமும் அவர் ஒரே நாற்காலியில்தான் இருந்தார். அவர் வேலை கற்றுக்கொடுத்த மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக அவருக்கே மேலாளர் ஆனார்கள். மூன்று பேருக்கும் அவர் அனுப்பிய வாழ்த்துக் கடிதத்தை எழுதியது நான். அன்றும் போனை நீட்டினார். "போன வருஷம் சேர்ந்த பொண்ணு சார். டீம் லீட் ஆயிட்டா. ரெண்டு வரி வாழ்த்து. நீங்க பாத்தா நல்லா இருக்கும்."

நாலாவது வாழ்த்துக்கு எனக்குக் கை வரவில்லை. கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். கிரிஜா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஃபைல் இருக்கு," என்றேன். "முதல் நாளே பாத்துட்டேன்."

"தெரியும். நீங்க எனக்கு அனுப்பின மெயில்லயே அது இருக்கே. சுத்தப் பிரதிக்குப் பக்கத்துல." கத்தியை நிறுத்தாமல் சொன்னாள். "திங்கக்கிழமை நானே குடுக்கிறதா இருந்தேன். அதுக்குள்ள நீங்களா தர்றீங்களான்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

இதைவிட அவள் என்னைத் திட்டியிருக்கலாம். அன்றே டிலக்சிக்கு அனுப்பினேன்.

வழக்கு நீதிமன்றத்துக்கு வர ஒன்றரை வருடம் ஆனது. நிறுவனத்தின் தரப்பில் வாதாடியவர் நரைத்த தலையும் இனிமையான குரலும் கொண்டவர். முதலில் ஒரு புகைப்படத்தைத் தாக்கல் செய்தார். நிறுவனத்தின் நல்லிணக்க நாள் விழாவில் கிரிஜா பட்டுப் புடவையோடு சமோசாத் தட்டை ஏந்தி நிற்கிறாள். புடவை கட்டி வரச் சொன்னவர்களும் சமோசா கொண்டுவரச் சொன்னவர்களும் அவர்கள்தான். சமோசா கடையில் வாங்கியது. இனவேற்றுமை பார்க்கும் நிறுவனம் இப்படிச் சமோசா சாப்பிடுமா என்பதுதான் அவர் வாதத்தின் சாரம்.

கிரெக் சாட்சிக் கூண்டில் ஏறி, "ஜீ எங்கள் குடும்பத்தில் ஒருத்தி மாதிரி," என்றார். ஜீ என்பது யார் என்று நீதிபதி கேட்டார். கிரெக் தன் வாக்குமூலத்தைப் புரட்டி, கிரிஜாவின் முழுப் பெயரைத் தாளைப் பார்த்துப் படித்தார். அதுவும் இரண்டாம் முறைதான் சரியாக வந்தது. தன் நாயை மாக்ஸிமிலியன் என்று முழுப் பெயரால் கூப்பிடுகிற மனிதர் அவர். உச்சரிப்பு விஷயத்தில் இனம் ஒரு காரணமே இல்லை, வாடிக்கையாளருக்குத் தெளிவாகப் புரிய வேண்டும், அவ்வளவுதான் என்றார். அறைக்குள் கிரிஜா எந்தப் புகாரும் சொல்லவில்லை, அவளுடைய மெயிலைப் போலவே நன்றிதான் சொன்னாள் என்றும் சத்தியம் செய்து சொன்னார்.

டிலக்சி அடுத்ததாக அலஸ்டரைக் கூப்பிட்டாள். கிரிஜாவுக்குப் பதிலாக எல்லா வாடிக்கையாளர் கூட்டத்துக்கும் அனுப்பப்பட்ட விஞ்ஞானி. ஸ்காட்லாந்துக்காரர், நல்ல மனிதர், அவரும் வேலையை விட்டிருந்தார். அவர் தன் ஊர் உச்சரிப்பில் பேசத் தொடங்கியதும் நீதிபதி காதுக்குப் பின்னால் கையை வைத்தார். நாலு முறை திருப்பிச் சொல்லச் சொன்னார். எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் இரண்டு முறை கேட்டார். நீதிமன்றப் பதிவில் அலஸ்டர் பேசிய பக்கங்களில் ஒன்பது இடத்தில், தெளிவாகக் கேட்கவில்லை என்று அச்சாகியிருந்தது. தெளிவு பற்றி டிலக்சி வேறு எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

அதன் பிறகு நான்.

இனிமையான குரல்காரர் என் பதினேழு வருட அனுபவத்தை நிதானமாக ஒவ்வொன்றாகச் சொல்லவைத்தார். இந்த நாட்டுக்கு வந்தபின் என் அனுபவத்தைப் பற்றி என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"இவ்வளவு அனுபவம் உள்ள நீங்கள் உண்மையான விஷயத்தை அடித்திருக்க மாட்டீர்கள். மிகையானதை, நடக்காததைத்தான் அடித்திருப்பீர்கள். அப்படித்தானே?"

என் மரியாதையைப் பட்டுத்துணியில் மடித்து என்னிடமே நீட்டினார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், நான் தேர்ந்த எழுத்தர். கிரிஜாதான் கதை கட்டுகிறவள் ஆவாள். அவளைப் பார்த்தேன். அவள் மேஜைமேல் இருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொல்வேன் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. இத்தனை வருடம் கூட வாழ்ந்தவளுக்கே தெரியவில்லை என்பது எனக்கு வலித்தது.

"இல்லை," என்றேன். "மிகை என்று எதையும் அடிக்கவில்லை. பயந்து அடித்தேன்."

"எதற்குப் பயம்?"

"மேலதிகாரி கோபப்படுவார் என்று."

"அவர் உங்கள் மேலதிகாரி இல்லையே."

"எனக்கு எல்லா மேலதிகாரியும் ஒன்றுதான்."

யாரோ சிரித்தார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

டிலக்சி எழுந்து, அடித்த வரிகளையும் ஓரக் குறிப்புகளையும் நானே வாசிக்கும்படி கேட்டாள். என் தமிழ்க் குறிப்புகளை அரசு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஆங்கிலத்தில் ஆக்கியிருந்தார். கடுமை, நீக்கவும். ஆதாரம், நீக்கவும். அன்று நான் மூடிவிட்ட இடத்தைத் தாண்டி இரண்டாம் பக்கம் வந்தது. திருத்தியது நான்தான். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பக்கத்தை நான் படித்தது அன்றுதான். கிரிஜா எழுதியிருந்தாள்:

சாப்பாட்டு அறையில் மைக்ரோவேவ் பக்கத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டினீர்கள், வாசனை கடுமையான உணவு வேண்டாம் என்று. அந்த அறையில் சாம்பார் கொண்டுவருபவள் நான் ஒருத்திதான். எட்டு மாதமாகக் காரில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். இதை நான் என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. தினமும் காலையில் எனக்குச் சாப்பாடு கட்டித் தருபவர் அவர்தான். சொன்னால் நாளையிலிருந்து ரொட்டி கட்டித் தந்து, அனுசரித்துப் போ என்பார்.

ஓரக் குறிப்பையும் வாசிக்க வேண்டும் என்றாள் டிலக்சி. "குடும்ப விவரம் அலுவலகக் கடிதத்தில் கூடாது. நீக்கவும்," என்று வாசித்தேன். தாளைக் கீழே வைத்துவிட்டேன். அந்த எட்டு மாதமும் டப்பா காலியாகத் திரும்பி வந்தது. கழுவி வைத்தது நான். அவள் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை. நீதிபதி ஐந்து நிமிடம் இடைவேளை விட்டார்.

நாலு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. அன்று காலையில் எழுதிய வார்த்தைகளைத்தான் கிரிஜா அன்று பிற்பகல் அறைக்குள் சொன்னாள் என்று நம்புவதாகவும், அது புகார்தான் என்றும், அதற்காக அவளை நீக்கவில்லை என்று நிறுவனம் நிரூபிக்கவில்லை என்றும் நீதிபதி எழுதியிருந்தார். அலஸ்டரால் உச்சரிப்புக் கதையும் எடுபடவில்லை. என் எட்டு வரிக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தார். "அசாதாரணமான மரியாதை கொண்ட ஆவணம்" என்று அதில் இருந்தது. வேறு சமயமாக இருந்தால் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பேன்.

அதோடு முடியவில்லை. பாக்கி விஷயங்களை இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொண்டபோது, கிரிஜா ஒரு மன்னிப்புக் கடிதம் கேட்டாள். டிலக்சி போன் செய்தாள்.

"அவையளின்ர கடிதம் வந்திருக்கு, அன்ரி. டிராஃப்ட்தான். திருத்தம் இருந்தால் சொல்லட்டாம்."

கிரிஜா மடிக்கணினியை என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். எட்டு வரி. "தங்களின் பல்லாண்டுப் பங்களிப்புக்கு நன்றி. சில நிகழ்வுகளால் தங்களுக்கு மனவருத்தம் ஏற்பட்டிருக்குமாயின், அது குறித்து வருந்துகிறோம்." மீண்டும் நன்றி. யார் செய்தார், என்ன செய்தார், யாருக்குச் செய்தார் என்று ஒரு இடத்திலும் இல்லை. கை வைக்க இடம் இல்லாத வேலை. எங்கேயோ ஒரு அலுவலகத்தில் என்னைப் போல ஒருவன் இருக்கிறான் என்று புரிந்தது. அவனை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"முள்ளையெல்லாம் எடுத்துட்டாங்க," என்றாள் கிரிஜா. "திரும்ப வைங்க."

அன்று பகல் முழுவதும் உட்கார்ந்தேன். அவர்கள் எழுதிய ஒவ்வொரு வரியையும் சிவப்பில் அடித்து, அவளுடைய பழைய இரண்டு பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாக எடுத்து வைத்தேன். கூட்டங்களுக்கு அழைக்காததை, உச்சரிப்பைப் பற்றிச் சொன்னதை, மைக்ரோவேவ் அறிவிப்பை, காரில் சாப்பிட்ட எட்டு மாதத்தை, புகார் சொன்ன பிறகு நீக்கியதை. ஓரத்தில் காரணமும் எழுதினேன். "இது நடந்தது. சேர்க்கவும்." கடைசியில் மனம் கேட்காமல் நானாக ஒரு வரி சேர்த்தேன். இந்தப் புகார் அன்றே எழுத்தில் வந்து சேராததற்கு அவருடைய கணவரின் கோழைத்தனமே காரணம், அதற்காக அவர் தன் மனைவியிடம் மன்னிப்புக் கேட்கிறார்.

"நீ பாத்துட்டு அனுப்பு," என்று அவளிடம் கொடுத்தேன்.

இந்த முறை அவள் படித்தாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, திரையில் விரல் வைத்து, நிதானமாகப் படித்தாள். பிறகு ஏதோ தட்டினாள். கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. மடிக்கணினியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் தேநீர் போடப் போனாள்.

மற்ற எதையும் அவள் தொடவில்லை. கடைசி வரிமேல் மட்டும் ஒரு சிவப்புக் கோடு இருந்தது. பக்கத்தில் ஓரக் குறிப்பு: "குடும்ப விவரம் அலுவலகக் கடிதத்தில் கூடாது. நேரில் சொல்லவும்."